மூன்றாவது பாட்டுக்காக

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, எங்கள் அப்பா தர்மபுரியில், கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போடும் ரேடியோ செட் கடை வைத்திருந்தார், அவருடைய ரெக்கார்டுப் பெட்டி இன்னும் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. மாமரத்தில் பூ உதிர்வது, கூட்டுப் பட்டாவைப் பிரிப்பது பற்றியெல்லாம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் உங்கள் முறை. இந்த மாதம் ரெக்கார்டு மட்டும்.

கேள்வி: என் அறை நண்பன் மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு எல்.பி. ரெக்கார்டு, அதுதான் அந்தப் பெரிய இசைத்தட்டு, வாங்கி வந்திருக்கிறான். அதில் மொத்தமே பத்துப் பாட்டு. பத்தும் என் செல்போனில் சும்மா கிடக்கின்றன. இது பைத்தியமா, பந்தாவா?
– ஓசூர் வாசகர்

பதில்: பந்தாவும் கொஞ்சம் இருக்கும் தம்பி, இல்லை என்று சொல்லமாட்டேன். அட்டையைச் சுவரில் மாட்டிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ரெக்கார்டை உறையை விட்டே எடுக்காதவர்களை எனக்குத் தெரியும். உங்கள் நண்பர் ஓட்டிக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கிறார் என்றால் அது பந்தா இல்லை. பைத்தியம் என்றால், தனி ஆள் பைத்தியம் இல்லை. அமெரிக்காவில் 2022-இல் 4 கோடியே 10 லட்சம் எல்.பி. ஆல்பங்கள் விற்றன, சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் சி.டி.யை ரெக்கார்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் காரணத்தைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா பெங்களூரிலிருந்து ஒரு எல்.பி. வாங்கி வந்தார், அதில் முதல் பாட்டு ஊரெங்கும் பிரபலம், கல்யாண வீட்டில் அதைத்தான் கேட்பார்கள், அதற்காகவே வாங்கியது. முள்ளை வைத்துவிட்டு அவர் பந்தலுக்கு டியூப்லைட் கட்டப் போய்விடுவார். நான் செட்டுக்குக் காவல். கையைத் தொடக்கூடாது, அதாவது முள் இருக்கும் அந்தக் கையை. ரெக்கார்டில் கீறல் விழுந்தால் முதுகிலும் கீறல் விழும் என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் முதல் பாட்டு முடிந்ததும் இரண்டாவதும் மூன்றாவதும் ஓடியே தீரும். அந்த மூன்றாவது பாட்டை எந்த ஊரிலும் ஒருத்தரும் கேட்டு வாங்கியதில்லை. மெதுவான பாட்டு, பெண் குரல், இடையில் ஒரு வீணை வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்து முடிக்காமல் போய்விடும். முதலில் எரிச்சலாக இருந்தது, எப்போது முடியும் என்று தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணம், இண்டூரில் ஒன்று, அப்புறம் பாலக்கோட்டில் ஒரு காதுகுத்து. அந்தக் காதுகுத்தில், முதல் பாட்டு ஓடும்போதே நான் மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

இன்று செல்போனில் அந்தப் பாட்டு வந்தால் பத்தே நொடியில் விரல் தள்ளிவிட்டிருக்கும். செல்போனில் நான் கேட்பதெல்லாம் எனக்கு ஏற்கெனவே பிடித்த பாட்டு, அல்லது எனக்குப் பிடிக்கும் என்று அது கணக்குப் போட்டுக் கொடுக்கும் பாட்டு. ரெக்கார்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம் ஓடும், எழுந்து போய் முள்ளைத் தூக்கி, அடுத்த பாட்டுக்கு நடுவே இருக்கும் அந்த மெல்லிய வெற்றுப் பட்டையைக் கண்ணால் தேடி, கை நடுங்காமல் இறக்க வேண்டும் என்கிற சோம்பேறித்தனத்திலேயே நாம் உட்கார்ந்துவிடுவோம். அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் எனக்குப் பிடித்த பாட்டுகளில் பாதி கிடைத்தன. மூவாயிரம் ரூபாய் அதிகம்தான், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் நண்பரிடம் அந்த ரெக்கார்டின் இரண்டாவது பக்கத்து மூன்றாவது பாட்டு எது என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொன்னால் காசு வீணாகவில்லை.

கேள்வி: ரெக்கார்டில்தான் ஒலி நன்றாக இருக்கும், ‘வார்ம் சவுண்ட்’ என்று என் மருமகன் சொல்கிறார். உண்மையா? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, என் காதில் கோளாறா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: உங்கள் காது நன்றாகவே இருக்கிறது. அளந்து பார்த்தால் ரெக்கார்டு தோற்கும். 1982-இல் வந்த சி.டி.யில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் (ஒலியை அளக்கும் கணக்கு) இடைவெளி கிடைக்கும், ரெக்கார்டில் 60, 70 கிடைத்தாலே பெரிய விஷயம். அதற்கு மேல் தூசி, மோட்டார் உறுமல் எல்லாம் சேரும். இன்னொரு சங்கடமும் உண்டு. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஓரத்தில் பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பக்கம், லேபிளுக்கு அருகில் வரும்போது 20 சென்டிமீட்டர்தான். அதே அளவு ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்பது அதனால்தான்.

அப்புறம் அந்த ‘வார்ம்’ எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் அந்தக் கோளாறுகளிலிருந்தே. தேய்ந்த முள் கீச்சுக் குரலை மழுங்கடிக்கும், மரப்பெட்டி கொஞ்சம் கூட முழங்கும், காதுக்கு அது இதமாகப் படும். இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை: நாம் எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டுகளில் பல, யாரோ தன் வீட்டுத் தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றியவை. அதற்குப் பக்கத்தில் சுத்தமான ரெக்கார்டை வைத்தால் ரெக்கார்டுதான் ஜெயிக்கும். மூல நாடாவிலிருந்து ஒழுங்காக எடுத்த சி.டி.யை வைத்துப் பாருங்கள், மருமகன் கொஞ்சம் திணறுவார்.

அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், ரெக்கார்டு பிளேயரின் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் எங்கே சொருகியிருக்கிறார் என்று. ரெக்கார்டு வெட்டும்போது கீழ்ச்சுருதி ஒலியைக் குறைத்தும் மேல்சுருதியைத் தூக்கியும்தான் வெட்டுவார்கள். தவிலும் மிருதங்கமும் உள்ளபடியே இறங்கினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் கிடைக்காது. குறைத்ததைத் திரும்பக் கூட்டி, தூக்கியதைத் திரும்ப இறக்கும் வேலையை ‘போனோ’ என்று எழுதியிருக்கும் சொருகுவாய் செய்யும். 1954-க்குப் பிறகு இதற்கு மெல்ல மெல்ல எல்லாரும் ஒரே அளவுகோலுக்கு வந்துவிட்டார்கள். காந்தக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி, அதன் ஆட்டத்தைக் கரண்டாக மாற்றும் சின்னப் பெட்டி) வைத்த பிளேயரைக் கொண்டுபோய் ‘ஆக்ஸ்’ என்ற வாயில் சொருகினால் ஒலி சன்னமாக, தகரத்தைத் தட்டினாற்போல வரும். அதைக் கேட்டுவிட்டு ரெக்கார்டே மோசம் என்று விற்றவரும் உண்டு.

இதெல்லாம் இருக்கட்டும். நம் ஊரில் ரெக்கார்டை யார் வார்மாகக் கேட்டார்கள்? புளியமரத்து உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டோம். அதில் தவில் சத்தத்தின் அடி வரவே வராது, குரல் மட்டும் வரும், அதுவும் மூக்கால் பாடுகிற மாதிரி. கார் பேட்டரியில் ஓடிய அகுஜா ஆம்ப்ளிஃபயர். ராத்திரி பம்புசெட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு மைலுக்கு அந்தப் பக்கமிருந்து சீர்காழி கோவிந்தராஜன் குரல் காற்றில் வந்து வந்து போகும், டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மடையை அப்படியே திருப்பிவிட்டு ஓடுவார்கள். அதற்கு எத்தனை டெசிபல் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கேள்வி: பழைய ரெக்கார்டுகள் இருந்தால் லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். எங்களிடம் நாற்பது இருக்கிறது.
– பெயர் வேண்டாம், அரூர்

பதில்: போகாது.

கேள்வி: தாத்தாவின் தகரப்பெட்டியில் பன்னிரண்டு ரெக்கார்டு கிடைத்தது. தடித்து, கனமாக இருக்கிறது, லேபிளில் குழாய்க்கு முன்னால் நாய் உட்கார்ந்த படம். ஆன்லைனில் வாங்கிய சூட்கேஸ் மாதிரி பிளேயரில் வைத்தேன். யாரோ தூக்கத்தில் முனகுகிற மாதிரி இழுக்கிறது, கரகரவென்று மணல் சத்தம் வேறு. பூஞ்சையும் பிடித்திருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?
– கிருஷ்ணகிரி அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் அதை நிறுத்துங்கள் அம்மா, இப்போதே. உங்களிடம் இருப்பது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டு. 33-இல் வைத்தால் முனகத்தான் செய்யும். பிளேயரில் 78 என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் போதாது, முள்ளும் மாற வேண்டும். எல்.பி.யின் பள்ளத்தைப்போல மூன்று மடங்கு அகலம் இதன் பள்ளம். எல்.பி. முள்ளை இதில் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியையும் கல்பொடியையும் தேய்த்துக்கொண்டு போகும், முள்ளும் கெடும். அந்த மணல் சத்தத்தில் பாதி அதுதான். சில பிளேயர்களில் முள்ளைத் திருப்பினால் மறுபக்கம் 78-க்கான முள் இருக்கும். இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும்.

கல்பொடி என்று சொன்னேன் அல்லவா. இந்தத் தட்டுகள் பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. மரக்கிளையில் அரக்குப்பூச்சி கக்கும் பிசினைக் காய்ச்சி, கல்பொடியும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தது. பாரதக் கூத்தில் பாண்டவர்களை வைத்துக் கொளுத்துவார்களே அரக்கு மாளிகை, அதே அரக்குதான். உலகமெங்கும் சுற்றிய ரெக்கார்டுகளுக்கு நம் நாட்டு அரக்குதான் பெருமளவு போயிற்று. 1902-இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்கிற பாடகியைப் பதிவு செய்துபோனார்கள். நம் நாட்டில் இந்தத் தொழில் அங்கிருந்துதான் சூடு பிடித்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடப் போகலாம். மணிக்கணக்கில் ராகம் பாடிக்கொண்டிருந்தவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் முழு ராகத்தையும் காட்டியாக வேண்டும். கிட்டப்பா, கே.பி. சுந்தரம்பாள் தட்டு உங்கள் பெட்டியில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போய்விடுவார்கள், நேரம் இல்லை.

இப்போது சுத்தம் செய்வது. இதைப் படிக்கும் எல்லாரும் கவனியுங்கள்: ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் இதில் படக்கூடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பதினைந்து வயதில், அப்பா வெளியூர் போயிருந்த நாளில், தாத்தா காலத்து நாடகப் பாட்டுத் தட்டு ஒன்றில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இருப்பதைப் பார்த்தேன். வீட்டில் அன்று கதவுக்குப் பாலீஷ் போட ஆசாரி வந்திருந்தார், அவருடைய ஸ்பிரிட் பாட்டில் திண்ணையில் இருந்தது. பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அடேயப்பா, எவ்வளவு அழுக்கு என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். இன்னும் கறுப்பு. நாலாவது பஞ்சில் தட்டின் பளபளப்பு போய், அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. ஆசாரி வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன் கிண்ணத்தைக் காட்டினார், ஸ்பிரிட்டில் ஊறிக் கரைந்த அரக்கு. “அதுவும் இதுதான் தம்பி” என்றார். நான் துடைத்தது அழுக்கை இல்லை, பாட்டை.

அப்பா வந்ததும் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அந்தத் தட்டை ஒரு தடவை வைத்து ஓட்டினார், சலசலவென்று மழைச் சத்தம் மட்டும், எங்கோ அடியில் யாரோ பாடுகிறார்களோ என்று தோன்றும். மூன்று நிமிடமும் நின்று கேட்டுவிட்டு உறையில் போட்டு வைத்தார். அடித்திருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் கடையில் கிடைக்கும், அதில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம். மெல்லிய பழைய பருத்தித் துணி. பள்ளம் போகும் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக்கூடாது. லேபிள் நனையக்கூடாது. வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இன்னொரு தடவை துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு நிழலில் நிறுத்தி உலரவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், நம் மாவட்டத்துத் தண்ணீரின் உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உலர்ந்ததும் பள்ளத்துக்குள் படிந்துவிடும். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். எல்.பி. வளையும், அரக்குத் தட்டு அப்பளம் மாதிரி உடையும்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் “ஒரு முள் எப்படிப் பாடும்?” என்று கேட்கிறார்கள். வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது வழி உண்டா?
– பென்னாகரம் பக்கமிருந்து ஓர் ஆசிரியை

பதில்: உண்டு டீச்சர், கரண்டே வேண்டாம். யாரும் கேட்காத, கெட்டுப்போன ரெக்கார்டு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், செய்து முடித்ததும் அது இன்னும் கெட்டுவிடும். ஒரு காகிதத்தைக் கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பாகச் சுற்றி ஒட்டுங்கள். கூர்மையான நுனிக்குப் பக்கத்தில் ஒரு தையல் ஊசியைக் குத்தி, முனை கொஞ்சம் வெளியே நிற்கும்படி வையுங்கள். ரெக்கார்டின் நடு ஓட்டையில் பென்சிலைச் சொருகி, இறுக்கமாக நிற்கும்படி காகிதம் திணித்து, ஒரு பிள்ளை அதைப் பம்பரம் மாதிரி சீராகச் சுற்றட்டும். இன்னொரு பிள்ளை கூம்பைத் தளர்வாகப் பிடித்து ஊசி முனையைப் பள்ளத்தில் வைக்கட்டும். கூம்பிலிருந்து பாட்டு வரும். சுற்றும் வேகம் ஏற இறங்க, குரல் குழந்தையாகி அரக்கனாகிக் குழந்தையாகும், வகுப்பு உங்கள் கையில் இருக்காது.

பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒலிக்கு ஏற்ப நெளிந்து நெளிந்து போகின்றன, ஊசி அந்த நெளிவில் ஆடுகிறது, ஊசியின் ஆட்டம் காகிதத்தை ஆட்டுகிறது, காகிதம் காற்றை ஆட்டுகிறது. விஷயம் அவ்வளவுதான். ஸ்டீரியோ ரெக்கார்டில் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறு சுவரில் வலப்பக்க ஒலி.

பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 1977-இல் அனுப்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும், தங்க முலாம் பூசிய செம்புத் தட்டு ஒன்று ஏறிப் போயிருக்கிறது. நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானிப் பாட்டும் அதில் உண்டு. யாராவது கண்டெடுத்தால் ஓட்டிக் கேட்கட்டும் என்று கார்ட்ரிட்ஜும் முள்ளும் கூடவே வைத்து, எப்படி வைக்க வேண்டும் என்று மேலே படம் போட்டும் அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் கூம்பைப் பிடித்த பிள்ளைக்கு அந்தப் படம் புரியும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறார். சாயங்காலம் பழைய ரெக்கார்டோடு வருகிறார். ரெக்கார்டு வாங்கத்தான் போகிறாரா?
– காவேரிப்பட்டினம் வாசகி

பதில்: கூடப் போய்விடுங்கள், சந்தேகமும் தீரும். சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள், தேடினால் நல்லதும் கிடைக்கும். மெட்ராஸில் இந்த மாதிரி தேடுகிறவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது, 1985-இல் எரிந்துபோனது.

நீங்கள் கூடப் போனால் அவருக்கு ஒரு உதவியும் செய்யலாம், ஆண்கள் அட்டையைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். நீங்கள் தட்டை வாங்கி வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். மெல்லிய நூல்கோடு பரவாயில்லை. நகத்தால் மெதுவாக வருடினால் தட்டுப்படும் கோடு இருக்கிறதே, அது பாடும்போது ‘டக் டக்’ என்று அடிக்கும். கண் மட்டத்துக்குத் தூக்கி ஓரத்தைப் பாருங்கள், அலை மாதிரி இருந்தால் வேண்டாம். அப்புறம் நடு ஓட்டையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். இருட்டில் சாவித் துவாரம் தேடுகிற மாதிரி, ரெக்கார்டை வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் பிளேயரின் நடுக்கம்பி லேபிளில் லேசாக உரசும், பல வருடம் ஓட்டியிருந்தால் ஓட்டையைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல் மினுமினுக்கும் கோடுகள் இருக்கும். கடைக்காரர் “புதுசு சார், ஓட்டவே இல்லை” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோலத்தைக் காட்டுங்கள். பாதி விலைக்கு வரும்.

ஒரே ஒரு கண்டிஷன் போடுங்கள், வாங்கி வந்ததை அன்று ராத்திரியே முழுதும் ஓட்டிக் கேட்டாக வேண்டும் என்று. வாரம் ஒன்று என்பது தானாகக் குறையும்.

கேள்வி: எங்களுடையது சிமென்ட் ஷீட் வீடு. சித்திரை வெயிலில் ரெக்கார்டு உருகிவிடுமா? இப்போது பரணில் படுக்க வைத்திருக்கிறேன்.
– மொரப்பூர் வாசகர்

பதில்: உருகாது, வளையும், ஆனால் பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். பரண்தான் வீட்டிலேயே சூடான இடம், முதலில் அங்கிருந்து இறக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது மேலே உள்ள பாரத்தில் நெளியும். புத்தகம் மாதிரி நேராக நிற்க வைக்க வேண்டும், சாய்ந்து நிற்கக்கூடாது. தரையோடு வைக்காதீர்கள், கரையானுக்கு அட்டை என்றால் உயிர். காருக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தொப்பூர் டோல்கேட் பக்கம் ஒரு டீ குடிக்க நிறுத்திய நேரத்தில் என் கன்னடப் பாட்டு எல்.பி. ஒன்று தட்டத்திலிருந்து கிண்ணமாகிப் போனது. (தேன்கனிக்கோட்டைப் பக்கம் கல்யாணத்துக்குச் செட் போட்டால் ராஜ்குமாரின் கன்னட ரெக்கார்டும் கண்டசாலாவின் தெலுங்கு ரெக்கார்டும் இல்லாமல் போகமுடியாது. அப்பா பெட்டியில் மூன்று பாஷையும் இருக்கும்.)

கேள்வி: கேசட் முந்நூறு இருக்கிறது, அதற்கும் மவுசு வருமா?
– தர்மபுரி வாசகர்

பதில்: எங்கள் அப்பாவின் தொழிலைக் கெடுத்ததே கேசட்தான். என்னிடம் நியாயம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: 1979 தை மாதம் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் கல்யாணம். மாலை மாற்றும் நேரத்தில் ரெக்கார்டு மாட்டிக்கொண்டு ஒரே சொல்லையே திரும்பத் திரும்பப் பாடியது. பந்தலே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார், அதுவரை அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பேத்தி அந்தப் பாட்டைச் செல்போனில் போட்டுக் கொடுத்தாள். மாட்டிக்கொள்ளும் இடத்தில் மாட்டாமல் நேராக ஓடிப்போய்விடுகிறது. எனக்கு அது அந்தப் பாட்டு மாதிரியே இல்லை. அது உங்கள் அப்பா செட்டாக இருக்குமோ என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.
– பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: இருக்கலாம் அம்மா, இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பக்கம் அப்போது வேறு செட்டுக்காரர்களும் உண்டு, தை மாதம் என்றால் ஒரே முகூர்த்தத்துக்கு நாலு ஊரில் ஆள் தேடுவார்கள்.

மாட்டிக்கொள்வது எப்படி என்றால், குறுக்கே விழுந்த ஒரு கீறல் முள்ளைத் தள்ளி, கடந்து வந்த பள்ளத்திலேயே திரும்ப விட்டுவிடும். முள் ஒரு சுற்று வந்து மறுபடி அதே கீறலில் இடறும். சின்ன ரெக்கார்டு நிமிடத்துக்கு 45 சுற்று, ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நொடிக்குக் கொஞ்சம் கூட. அந்த நேரத்துக்குள் ஒரு சொல்தான் அடங்கும். நீங்கள் சொல்வது அதனால் சரியாகவே பொருந்துகிறது, ஒரு சொல்தான் திரும்ப வந்திருக்கும். மொய் வாசிக்க மைக் கேட்டு ஒருத்தர் தோளைத் தட்டிக்கொண்டிருக்க, அப்பா ஓடிவந்து முள்ளின் தலையில் ஒரு நாலணாவை வைப்பார். பாரத்தில் முள் கீறலை மிதித்துக்கொண்டு தாண்டிவிடும். பள்ளம் தேயும் என்று அவருக்கும் தெரியும். பந்தலில் அதையெல்லாம் பார்க்க முடியாது.

அவர் பெட்டியில் மாட்டிக்கொள்ளும் ரெக்கார்டு நாலு இருக்கிறது. உறையின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார், நாலணா வேண்டும் என்பதற்கு அடையாளம். நாலும் அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுதான். நீங்கள் கேட்டது எந்தப் பாட்டு என்று எழுதியிருக்கவில்லை. பேத்தியிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த நாலில் இருந்தால், நாலணா வைக்காமல் ஓட்டுகிறேன்.